கழுத்து உயரத்துக்கு ஓர் அரக்குப் பட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரின் புது லேஅவுட்டுகளில் நடந்து போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மாடி பால்கனியில், கதவை ஒட்டிய சுவரில், அரக்கு நிறத்தில் செங்குத்தாக ஒரு பட்டை இருக்கும். அதன் இரண்டு ஓரத்திலும் கடுகு மஞ்சளில் கரை ஓடும். தரையிலிருந்து ஆள் கழுத்து உயரத்துக்கு இருக்கும். வீடு பிஸ்தா பச்சையோ கிரீமோ வெளிர் ரோஜாவோ, பட்டை மட்டும் மாறாது. வீட்டுக்காரரைக் கேட்டால் "மாடர்ன்" என்பார். மேஸ்திரியைக் கேட்டால் "எல்லாரும் போடறாங்க, நாமளும் போடறோம்" என்பார். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது என் அக்கா.

புத்தி பிசகிப் பேசவில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் மர்பி டவுன்காரர்கள். ஒரே ஒரு அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு, தெருமுனையில் குழாய். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரர்கள் இருந்தவரை நைனா ராணுவ மெஸ் ஒன்றில் பட்லராக இருந்தார். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது நைனாவிடம் மிஞ்சியது பித்தளைப் பொத்தான் வைத்த ஒரு கோட்டும், யார் எதைச் சொன்னாலும் "வெரி குட்" என்று சொல்லும் பழக்கமும்தான். பிறகு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் மாடியில் வீடுகளுக்குப் பிளான் போடும் ஆபீஸ் ஒன்று இருந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்குக் கவுனும் தைத்துக்கொடுப்பாள். அவளோடு தெருவில் நடந்தால் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரில் நின்று, ரவிக்கை அளவு எடுக்க வந்தவளைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்ப்பாள். அல்சூரில் கூரை முகப்பில் மரச்சட்டம் பின்னிய பழைய பங்களா ஒன்று இருந்தது. "பாருடி, ஜாலர் வெச்ச கவுனு. மழைல நனைஞ்சி தொங்குது" என்பாள். சிவப்புக் கல் ஆபீஸ் கட்டடங்களைப் பார்த்து, "பட்டாளத்துச் சட்டை, பொத்தான் ஜாஸ்தி" என்பாள். புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் வளைந்த பால்கனியைச் சுற்றி மூன்று கோடு ஓடியதைக் காட்டி, "இந்த வருஷம் நைலான் பொடவைல வர்ற அதே மூணு கோடு. இவன் அவளப் பாத்துப் போட்டானா, அவ இவனப் பாத்துக் கட்டிக்கினாளா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்க்கிறார்களே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு என்னாலும் ஒரு வீட்டை வெறும் வீடாகப் பார்க்க முடியவில்லை.

அக்காவின் கல்யாணப் புடவை எடுக்கச் சிக்பேட்டைக்குப் போனோம். அழுக்குத் தெரியாத நிறமாக எடு என்று நைனா சொன்னார். அக்கா காதில் வாங்கவே இல்லை. கடைக்காரர் கிளிப்பச்சை காட்டினார், மாம்பழ மஞ்சள் காட்டினார், மயில்கழுத்து காட்டினார். கடை முழுவதும் பிரித்துப் போட்டபிறகு, அடியில் கிடந்த அரக்கு நிறப் பட்டுப் புடவை ஒன்றை அக்கா உருவினாள். இரண்டு பக்கமும் கடுகு மஞ்சளில் அகலக் கரை, நடுவில் ஒரு பூகூடக் கிடையாது. "கலருக்குக் கலரு நின்னா போதும், பூ எதுக்கு?" என்றாள். கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அக்கா தன் வாழ்க்கையில் தன் இஷ்டத்துக்கு எடுத்தது அந்தப் புடவை ஒன்றுதான். மாப்பிள்ளையை நைனா எடுத்தார்.

மாப்பிள்ளை பெங்களூருக்கு வெளியே அத்திபெலேக்காரர். முன்னால் வெல்ல மண்டி, பின்னால் வீடு. நைனாவுக்கு ரொம்பத் திருப்தி. மறுவீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். பேருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. மேலே ஓட்டில் பதித்த ஒரு கண்ணாடித்துண்டு வழியாகத்தான் வெளிச்சம். "இன்னா சொல்ற?" என்றாள். "நாலு பக்கமும் நல்லாத்தான் தெச்சிருக்காங்க. கை விட ஓட்டை வைக்கத்தான் மறந்துட்டாங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது, அது சிரிக்கவேண்டிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

நான் மிஷன் பள்ளியில் படிப்பை முடித்து, டிராயிங் பரீட்சையும் பாஸ் செய்தேன். நைனா கோட்டைப் போட்டுக்கொண்டு மாடி ஏறிப்போய், முதலாளியிடம் "என் பொண்ணுக்குக் கோடு நேரா வரும் சார்" என்று சொன்னார். அதுவே சிபாரிசு. பிளான்களை மெழுகுத்துணியில் பிரதி எடுக்கும் வேலை கிடைத்தது. அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண்.

பிளானை மட்டும் காட்டினால் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால், வீடு கட்டி முடிந்தால் எப்படி இருக்கும் என்று தண்ணீர்க் கலரில் ஒரு படம் போட்டுத் தருவார்கள். மரம், வானம், வாசலில் ஒரு கார், பால்கனியில் ஒரு பெண். அந்தப் பெண் அழகுக்காக மட்டும் நிற்கவில்லை. ஆள் நின்றால்தான் கதவு எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குப் பிடிபடும். ஆபீஸில் அவளுக்குப் 'பொம்மை' என்று பெயர். சீமையில் படித்துவிட்டு வந்தவர் எங்கள் முதலாளி. அங்கே இருந்து வரும் பத்திரிகைகளைப் பார்த்து, தொப்பியும் முழங்கால் கவுனுமாக ஒரு துரைசானியைப் போடுவார். கூடவே ஒரு நாய். ஒருநாள் ரிட்டையர்டு அமல்தார் ஒருவர் தன் வீட்டுப் படத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் சரி. என் மாடியில் நிற்கும் இந்த அம்மாள் யார்? என் சம்சாரம் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாளே" என்றார்.

அன்றோடு துரைசானிக்கு வேலை போயிற்று. நம் ஊர்ப் பெண்ணைப் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. ஆண்பிள்ளைகள் ஆளுக்கு ஆள் முயன்றார்கள். அத்தனை பேர் வீட்டிலும் புடவை கட்டிய பெண்கள் இருந்தார்கள், ஆனால் ஒருத்தருக்கும் புடவை வரவில்லை. குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பதுபோல வந்தது. கடைசியில் முதலாளி என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ போடேன்" என்றார்.

நான் அக்காவைப் போட்டேன். வேறு யாரையும் யோசிக்கவே இல்லை. முகம் அவ்வளவு சின்னதில் எனக்கு வராது, அதனால் முதுகு காட்டி நிற்கவைத்தேன். முந்தானையை இரண்டு தோளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, பால்கனியில் இருந்து வீட்டுக்குள் போகிற மாதிரி ஒரு நிலை. அரக்குப் புடவை, இரண்டு ஓரத்திலும் கீழே இறங்கும் கடுகு மஞ்சள் கரை. ஈரம் காய்ந்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளிறிக் கிடந்த சுவரெல்லாம் அந்த ஒரு விரல்நக அளவு அரக்கால் எழுந்து நின்றது. முதலாளி படத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "கலரும் சரி, அளவும் சரி. வேறு யார் போட்டாலும் பொம்மை ஒன்று குள்ளமாகும், ஒன்று நெட்டையாகும். இவள் போட்டால் அளவு தப்பாது" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் போட்ட ஒவ்வொரு வீட்டின் மாடியிலும் அக்கா நின்றாள்.

அக்காவுக்குக் குழந்தை உண்டாகவில்லை. நாலைந்து வருஷம் பார்த்தார்கள். பிறகு அவள் மாமியார், தன் தம்பி மகளைக் கூட்டிவந்து, ஒரு கோயிலில் வைத்து மகனோடு மாலை மாற்றவைத்தாள். அக்காவை யாரும் அடிக்கவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. படுக்கையை மட்டும் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். இனி உனக்குக் கலர்ப் புடவை எதற்கு என்று கேட்டார்களாம்.

ஒருநாள் காலை பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. நேராகச் சமையல்கட்டுக்குள் போய், தன் தையல் மெஷின் மேல் இருந்த பாத்திரங்களை இறக்கிவைத்து, முந்தானையால் தூசி துடைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"நான் இங்கயே இருந்துக்கறேன் நைனா. மெஷின் கீது. யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்."

நைனா ரொம்ப நேரம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு இருந்தார். "எடம் எங்கம்மா கீது?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சின்னதுக்கு இன்னும் ஆவலயே. வாழாவெட்டி இருக்கற ஊட்ல பொண்ணு எடுக்க எவன் வருவான்?"

"எனக்குக் கல்யாணமே வேணாம் நைனா" என்றேன்.

"எல்லாப் பொண்ணுங்களும் இதத்தான் சொல்லுதுங்கோ" என்றார். என் வாயை அடைக்க அவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

நான் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பசித்ததும் அக்காவே சோறு போட்டுத் தின்னவைத்தாள். இரண்டு நாள் கழித்து, அக்காவைக் கூட்டிப்போக அவள் புருஷன், எங்கள் மாமா, வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் கோபம் வரவைத்தது. வெல்லம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார். "எங்க ஊட்ல அவளுக்கு ஒரு குறையும் இருக்காது. நான் பாத்துக்கறேன்" என்று நைனாவிடம் சொன்னார்.

"வெரி குட்" என்றார் நைனா. வாய்ப் பழக்கம்.

பஸ் ஏறும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ரூமு போடறியே. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடி" என்றாள், சிரித்துக்கொண்டே. பஸ் போனபிறகு நான் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதேன். பின்னால் நின்றவள், தண்ணீர் நிறைந்து வழிகிறது, குடத்தை எடு என்று சத்தம் போட்டாள்.

அன்று ஆபீஸில் என் மேஜைமேல் கிடந்தது ஒரு காப்பிக்கொட்டை வியாபாரியின் வீடு. அதில் விருந்தாளிக்கு ஓர் அறை, பூஜைக்கு ஓர் அறை, துணிக்கு இஸ்திரி போட ஓர் அறை. இஸ்திரி போட ஓர் அறை! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அறையை ரப்பர் வைத்து அழித்துவிடலாம்போல இருந்தது. அழித்தால் மறுபடி நான்தான் போட வேண்டும். பால்கனிக்கு வந்ததும் அக்காவை மிகவும் பொறுமையாகப் போட்டேன். கதவைத் திறந்துவைத்து, உள்ளே இருட்டைக் கருநீலத்தில் ஆழமாகக் கொடுத்து, அந்த இருட்டுக்கு எதிரில் அவள் தலையையும் கொண்டையையும் வைத்தேன். உள்ளே போகப் போகிறாள். அங்கே அவளை யாரும் இடமில்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

வியாபாரியின் மனைவிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார், திருப்பித் தர மறுத்துவிட்டார். ஆனால் கட்டுகிறவர்களுக்கு ஒரு பிரதி வேண்டுமே. எங்கள் ஆபீஸில் இருந்த இன்னொரு டிராஃப்ட்ஸ்மேன் அங்கே போய், படத்தின் மேல் மெழுகுத்தாளை வைத்துப் பிரதி எடுத்து வந்தார். கறுத்த கதவு இருட்டில் கறுத்த தலை அவர் கண்ணில் படவே இல்லை. அரக்கில் நீளமாக ஒரு பட்டை தெரிந்தது, ஓரத்தில் கடுகு மஞ்சள் கரை தெரிந்தது. அந்த நாளில் வீட்டுச் சுவரில் கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாக அடர்ந்த கலர் வைப்பது புது ஃபேஷன். இதுவும் அதுதான் என்று நினைத்து, இன்ன உயரம், இன்ன அகலம், இன்ன நிறம் என்று குறித்துக் கொடுத்துவிட்டார். கதவின் மேலேயே பட்டை எப்படி வரும் என்று பார்த்து, கொத்தனார் அதைக் கதவுக்குப் பக்கத்துச் சுவருக்குத் தள்ளி, கலர் சாந்தில் பூசி, மழமழவென்று தேய்த்து முடித்தார்.

வீடு முடிந்ததும், படம் போட்ட பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டாராம். முதலாளி என்னைத் தன் காரில் கூட்டிப்போனார். மாடி ஏறினோம். பால்கனிக் கதவருகே அக்கா நின்றாள். தலை இல்லை.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்ரதல்லி இத்த ஹாகே இதெ!" என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். படத்தில் இருந்தது இருந்தபடியே வந்திருக்கிறதாம். கூடத்தில் அந்தப் படம் தொங்குகிறது. தினம் பார்க்கிறார். இருந்தும் அப்படிச் சொல்கிறார். முதலாளி பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதுதான் மேடம், சுவருக்கு ஒரு கலர் அக்சென்ட்" என்றார்.

திரும்பும்போது காரில் சொன்னேன். "சார், அது பட்டை இல்லை. அது பொம்பளை."

"எனக்குத் தெரியாதாம்மா? வெளியில சொல்லிடாதே. அவங்க சந்தோஷமா இருக்காங்க."

"அழிச்சிட்டு வேற கலர் அடிக்கச் சொல்லுங்க சார்."

"அழிச்சா தப்பு நடந்துச்சுன்னு ஆயிடும். சும்னே இரு, வாயத் தொறக்காதே."

ஆபீஸில் விஷயம் தெரிந்ததும் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "கறுப்புல கறுப்ப வெச்சா தலைய நான் எங்கேன்னு தேடறது?" என்று பிரதி எடுத்தவர் என்னையே கேட்டார். நானும் கொஞ்சம் சிரித்தேன். அது என் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது, சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு டாக்டர் தன் வீட்டுக்கும் அதே பட்டை வேண்டும் என்று வந்தார். அவருக்குப் பின்னால் அவர் சகலை வந்தார். முதலாளி மறுக்கவில்லை. பால்கனியில் பொம்மை வேண்டாம், பட்டையைப் போடு என்று என்னிடமே சொன்னார். ஸ்கேல் வைத்து நானே போட்டேன். தூரிகையில் அதே அரக்கு, அதே கடுகு மஞ்சள். முடியாது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். காரணம் கேட்டார். சொல்லத் தெரியாமல் போய் உட்கார்ந்து போட்டேன். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, நைனாவுக்கு அப்போதே இருமல் வந்துவிட்டது.

பிறகு எங்கள் ஆபீஸே தேவைப்படவில்லை. மேஸ்திரிகள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போட ஆரம்பித்தார்கள். லிங்கராஜபுரத்தில் பால்கனியே இல்லாத சின்ன வீடுகளில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு தீபாவளிக்குச் சிக்பேட்டையில் புடவை பார்க்கப் போனேன். கடைக்காரப் பையன் ஒன்றை விசிறிப் போட்டான். அரக்கு நிறம், பூ இல்லை, இரண்டு பக்கமும் கடுகு மஞ்சள் கரை. "லேட்டஸ்ட்டு மேடம். புது வீட்ல எல்லாம் இருக்குதே, அந்த டிசைனு" என்றான். அக்கா கூட இருந்திருந்தால் கடையிலேயே உட்கார்ந்து சிரித்திருப்பாள். நான் ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள். ஆபீஸுக்குப் போகிற பெண் அடங்க மாட்டாள் என்று ஒருத்தர் சொன்னார், நிறம் போதாது என்று இன்னொருத்தர் சொன்னார். அக்காவை நைனா எதற்காகத் திருப்பி அனுப்பினாரோ அது நடக்கவே இல்லை. நைனா கடைசி நாட்களில் இதைப்பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. கஞ்சி கொடுத்தால் "வெரி குட்" என்றார்.

நைனா போனபிறகு நான் லிங்கராஜபுரத்துக்கு வீடு மாற்றினேன். இரண்டு அறை. ஓர் அறைக்குக் கிழக்கே பெரிய ஜன்னல். அந்த ஜன்னலடியில் அக்காவின் தையல் மெஷினைப் போட்டு, எண்ணெய் விட்டு, நூல் கோத்து வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேக்குப் பஸ் ஏறினேன். சொல்லி அனுப்பவில்லை. போனதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மண்டி இருந்த தெருவில் எனக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. முன்பக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பிஸ்தா பச்சைச் சுவர். புதுக் கதவு. கதவுக்குப் பக்கத்தில், வாசல் மேடையிலிருந்து கிளம்பி, அரக்கு நிறப் பட்டை. இரண்டு ஓரமும் கடுகு மஞ்சள்.

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். மாமா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். தலை நரைத்திருந்தது. "வாம்மா வா. பாத்தியா? பெங்களூர் டிசைனு. இந்த ஊர்லயே மொதல்ல நம்ம ஊட்லதான்" என்றார்.

"வெரி குட்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, இரண்டாவதாக வந்தவளுடையது. உடம்பில் துவைத்துத் துவைத்து நிறம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நூல் புடவை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் முதலில் பேசியது சுவரைப்பற்றித்தான்.

"எப்டிடி கீது? ஊட்டுக்குப் பொடவ கட்டிவுட்ட மாதிரி இல்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

"பெயிண்டருக்குக் கலரே வர்ல. ஒருநாள் செங்கல்லு கலரு, ஒருநாள் பீட்ரூட்டு கலரு. உங்க மாமாவுக்குக் கோவம்னா கோவம். அப்புறம் நான்தான் என் அரக்குப் பொடவைய எடுத்தாந்து குடுத்தேன், இத்தப் பாத்துக் கலக்குன்னு. தொட்டி பக்கத்துல வெச்சிருந்தானா, சுண்ணாம்புல வுழுந்து வெந்துபூடுச்சி. கைல எடுத்தா நூல் நூலா வருது." குழந்தையை இடுப்பு மாற்றினாள். "போனா போவுது. நான் எங்கடி கட்டப்போறேன். ஆனா கலரு அப்டியே வந்துடுச்சி, பாத்தியா?"

வந்திருந்தது. பெங்களூரில் நான் பார்த்த எந்தப் பட்டையும் அந்த நிறத்தில் இல்லை. என் தூரிகைக்குக்கூட அது சரியாக வந்ததில்லை.

"அக்கா, உனக்கு ரூம் போட்டுட்டேன். ஜன்னல் இருக்கு. மெஷின் போட்டு வெச்சிருக்கேன். கெளம்பு" என்றேன்.

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அதை மெல்ல விடுவித்தாள். "இது என்ன வுட்டுத் தூங்காதுடி" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "அப்போ கேட்டேன் இல்ல? அப்போ குடுத்திருக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். கடையில் துணி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

சாப்பிடும்போது மாமா கேட்டார். "நீதான் அந்த மாதிரி ஆபீஸ்ல கீறயே. இந்தப் பட்டைய மொதல்ல யாரு கண்டுபுடிச்சது?" அக்காவும் கேட்டுக்கொண்டு இருந்தாள், சாதக் கரண்டியோடு. இது நீதான் அக்கா, இத்தனை வீட்டிலும் நிற்பது நீதான் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது? தலை எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது?

"தெரியல மாமா. யாரோ போட்டாங்க, எல்லாரும் போடறாங்க" என்றேன்.

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ஒரு தூக்கு நிறைய வெல்லம் கொடுத்தார்கள். எதிர்ச்சாரியில்தான் பஸ் நிற்கும். அங்கே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். என்னை வழியனுப்ப அக்கா வாசல் மேடைக்கு வந்து நின்றிருந்தாள். குழந்தை கனத்திருக்க வேண்டும், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். பட்டைக்கு நேராகத்தான் சாய்ந்தாள். நிறமற்ற அந்தப் புடவைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கடுகு மஞ்சள் கரை தெரிந்தது. அரக்கின் மேல்விளிம்பு அவள் கழுத்தில் வந்து முடிந்தது, அதற்கு மேலே அவள் தலை இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டவைத்தாள்.

அளவு இம்மிகூடத் தப்பவில்லை.